தூய கோக்கோ, தூய கை: ஜார்ஜ் கேட்பரியின் வாழ்க்கை

வகுப்பில் ஒருத்திக்குப் பிறந்த நாள் என்றால், அன்று வகுப்பறை முழுவதும் களிப்புத்தான். புத்தாடை உடுத்தி வந்த அம்மாணவி முதலில் ஆசிரியைக்கும், பின்னர் தோழியர்க்கும் சாக்லேட் வழங்கி மகிழ்வாள். நாமும் உறையைப் பிரித்து, சாக்லேட்டை வாயில் இட்டு, உறையைக் கசக்கி எறிந்துவிடுகிறோம். அவ்வுறையின்மேல் பல வேளைகளில் கேட்பரி என்னும் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். அது ஒரு குடும்பத்தின் பெயர் என்பதையோ, அக்குடும்பத்தில் பிறந்த ஒருவர் சாக்லேட்டோடு நில்லாது ஓர் ஊரையே உருவாக்கினார் என்பதையோ நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அவர்தாம் ஜார்ஜ் கேட்பரி. உணவில் கலப்படம் மலிந்திருந்த காலத்தில் தூய கோக்கோவை விற்பது என்று உறுதி பூண்டவர்; உழைக்கும் மக்களைத் தோட்டங்களின் நடுவே குடியமர்த்தியவர். அத்தகைய நல்லவரின் வாழ்விலும் ஒரு கடும் சோதனை வந்தது. அவர் விற்ற கோக்கோ தூயதுதான். ஆனால் அந்தக் கோக்கோவைப் பறித்த கைகள் அடிமைகளின் கைகள் அல்லவா என்று உலகம் கேட்டது. அக்கேள்வியை அவர் எவ்வாறு எதிர்கொண்டார் என்பதை அறிவது நமக்கெல்லாம் பயன் தருவதாகும்.

கசப்புப் பானம்

முதலில் சாக்லேட்டின் கதையைச் சிறிது பார்ப்போம். கோக்கோ மரத்தின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் பகுதி. பலா மரத்தைப் போல இதுவும் அடிமரத்திலும் கிளைகளிலும் ஒட்டிக் காய்க்கும். காயைப் பிளந்தால், வெண்மையான சதைக்குள் 30, 40 விதைகள் இருக்கும். அவற்றைச் சில நாள் புளிக்க வைத்து, வெயிலில் உலர்த்தி, வறுத்து, அரைத்தால்தான் சாக்லேட்டின் மணம் பிறக்கும். மத்திய அமெரிக்காவில் வாழ்ந்த மாயா மக்களும், மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்களும் அதை நீரில் கரைத்து, மிளகாய் முதலியன சேர்த்துக் கசப்புப் பானமாகப் பருகினர். ஆஸ்டெக் மக்களிடம் அவ்விதைகள் நாணயமாகவும் வழங்கின.

16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அப்பானத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். அங்கே சர்க்கரை சேர்ந்தது. அரண்மனைகளிலும் செல்வர் மனைகளிலும் சாக்லேட் இடம்பெற்றது. சாக்லேட் பருகினால் நோன்பு முறியுமா என்று நம் திருச்சபையின் அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டதும் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் கர்தினால் பிரான்காச்சோ, அது பானமே ஆகையால் நோன்பை முறிக்காது என்று எழுதினார்.

1828இல் ஹாலந்து நாட்டைச் சேர்ந்த வான் ஹௌட்டன் என்பார், அரைத்த கோக்கோவை அழுத்தி அதன் கொழுப்பைப் பிரித்தெடுக்கும் இயந்திரத்திற்கு உரிமை பெற்றார். 1847இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலிருந்த ஃபிரை நிறுவனத்தார் உண்ணும் சாக்லேட் கட்டியைச் செய்தனர். அதுவரை சாக்லேட் என்றால் பானந்தான்.

பிறப்பும் இளமையும்

ஜார்ஜ் கேட்பரி 1839ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்தார். தந்தை ஜான் கேட்பரி, தாய் காண்டியா. அவர்கள் குவேக்கர் என்று அழைக்கப்படும் நண்பர்கள் சபையைச் சேர்ந்தவர்கள். எளிய உடை, எளிய உணவு, மௌன வழிபாடு, போர் மறுப்பு, மது விலக்கு ஆகியவை அச்சபையாரின் நெறிகள். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் நெடுங்காலம் அவர்களுக்கு அடைபட்டே இருந்தன. எனவே அவர்களுள் பலர் வணிகத்தில் இறங்கினர். கலப்படமின்றி, சரியான விலைக்குப் பொருள் விற்பவர்கள் என்ற நற்பெயரும் அவர்களுக்கு இருந்தது.

ஜான் கேட்பரி 1824இல் பர்மிங்காமின் புல் தெருவில் ஒரு கடை திறந்தார். தேயிலை, காப்பி ஆகியவற்றோடு, மதுவுக்கு மாற்றாக நல்லதொரு பானம் வேண்டும் என்று கருதிக் கோக்கோவையும் சாக்லேட்டையும் விற்றார். புகைபோக்கிகளுக்குள் சிறுவர்களை ஏற்றித் துடைக்கச் செய்யும் கொடுமையை எதிர்த்துப் பாடுபட்டவரும் அவரே. இத்தகைய தந்தையின் வீட்டில் ஜார்ஜ் வளர்ந்தார். பின்னர் யார்க் நகரில் ரௌண்ட்ரீ குடும்பத்தாரின் மளிகைக் கடையில் சிறிது காலம் தொழில் பழகினார்.

1855இல் தாய் இறந்தார். அத்துயரத்திலிருந்தும் நோயிலிருந்தும் தந்தை மீளவே இல்லை. தொழில் நலிந்தது. 1861இல் அவர் ஒதுங்கிக்கொள்ள, 25 வயது ரிச்சர்டும் 21 வயது ஜார்ஜும் பொறுப்பேற்றனர்.

நலிந்த தொழிலில் இரு சகோதரர்

தாய் விட்டுச் சென்ற பணத்தில் ஆளுக்கு 4,000 பவுன் சகோதரர்களின் கையில் இருந்தது. அதைத் தொழிலில் போட்டனர். முதல் ஆண்டுகளில் நட்டமே மிஞ்சியது. ஜார்ஜ் விடியற்காலையில் எழுந்து இரவு வரை உழைத்தார். திருமணத்தையும் தள்ளிப்போட்டார். நாளிதழ் வாங்குவதைக்கூடச் செலவென்று நிறுத்தினாராம். எல்லாம் கைவிட்டால், ரிச்சர்டு நில அளவை செய்யப் போவதென்றும், ஜார்ஜ் நம் நாட்டு இமயமலைச் சாரலுக்கு வந்து தேயிலை பயிரிடுவதென்றும் இருவரும் பேசி வைத்திருந்தனர். 1864இல்தான் சிறிது இலாபம் தலைகாட்டியது. அன்று அவர் இமயமலைக்கு வந்திருந்தால், இந்தக் கதையே இல்லை.

அக்காலத்தில் இங்கிலாந்தில் விற்ற கோக்கோ எத்தகையது என்பதை இங்கே சொல்ல வேண்டும். கோக்கோ விதையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. அது பானத்தின்மேல் எண்ணெயாக மிதக்கும். அதை மறைக்க உருளைக்கிழங்கு மாவு, ஜவ்வரிசி, வெல்லப்பாகு முதலியவற்றைக் கலந்தனர். மனசாட்சியற்ற சிலர் நிறத்திற்காகச் செங்கல் பொடியையும் கலந்தனர். 1850களில் மருத்துவர் ஆர்தர் ஹாசல் நுண்ணோக்கியின் துணைகொண்டு இக்கலப்படங்களை ஆராய்ந்து, லான்செட் என்னும் மருத்துவ இதழில் அம்பலப்படுத்தினார். கேட்பரி சகோதரர்கள் செங்கல் பொடி கலந்தவர்கள் அல்லர். ஆயினும் அவர்கள் விற்ற ஒருவகைக் கோக்கோவிலும் ஐந்தில் ஒரு பங்குதான் கோக்கோ. மீதி மாவும் பாகுமே. பிற்காலத்தில் ஜார்ஜ் இதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார்.

தூய கோக்கோ

மாவு கலக்காமல் கோக்கோ விற்க வழி உண்டா? கொழுப்பைப் பிரித்துவிட்டால் மாவுக்குத் தேவையே இல்லை. வான் ஹௌட்டனின் இயந்திரம் அதைச் செய்யும் என்று கேள்வியுற்ற ஜார்ஜ் ஹாலந்துக்குப் புறப்பட்டார். அவருக்கு டச்சு மொழி தெரியாது. கையில் ஓர் அகராதி, மற்றவை சைகை. அவ்வாறே பேரம் பேசி இயந்திரத்தை வாங்கி வந்தார். 1866இல் கோக்கோ எஸ்ஸென்ஸ் என்ற பெயரில் கலப்பற்ற கோக்கோ பர்மிங்காமிலிருந்து வெளிவந்தது.

அதன் விலை அதிகம். மாவு கலந்த கோக்கோவுக்குப் பழகிய நாக்குகள் அதை உடனே விரும்பவும் இல்லை. ஆனால் மருத்துவர்கள் அதைப் பாராட்டினர். சகோதரர்களும் மருத்துவர்களை நேரில் கண்டு மாதிரிகளை வழங்கினர். உணவுக் கலப்படத்தைத் தடுக்க 1872லும் 1875லும் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டங்கள் இயற்றியபோது மக்களின் கவனம் தூய்மையின்பால் திரும்பியது. கேட்பரியின் கோக்கோ வீடுதோறும் புகுந்தது. உண்மையாய் இருந்ததனால் பிழைத்த தொழில் அது என்று சொன்னால் மிகையாகாது.

சாக்லேட் உடலுக்கு நல்லதா?

இவ்விடத்தில் மாணவியரும் பெற்றோரும் கேட்கும் ஒரு கேள்விக்கு விடை சொல்லிவிடுவோம். கோக்கோவில் ஃபிளவனால் என்னும் பொருள்கள் உள்ளன. அவை இரத்தக் குழாய்கள் நெகிழ்ந்து கொடுக்க உதவுகின்றன. நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் கோக்கோ ஃபிளவனால் இதற்குத் துணைபுரிகிறது என்பதை 2012இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஏற்றுக்கொண்டது. 2022இல் அமெரிக்காவில் 21,000க்கும் மேற்பட்ட முதியோரிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவுகள் வெளியாயின. கோக்கோச் சாறு அடங்கிய மாத்திரைகளை உட்கொண்டோரிடையே இதய நோயால் நேர்ந்த இறப்புகள் குறைந்திருந்தன. ஆனால் மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றின் மொத்த எண்ணிக்கை உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை.

அவர்கள் உட்கொண்டது மாத்திரை. கடையில் வாங்கும் சாக்லேட் அன்று. பால் சாக்லேட்டில் ஏறத்தாழப் பாதி சர்க்கரை. அது பல்லுக்குப் பகை. அளவு மீறினால் உடல் பருமனுக்கும் வழி. எனவே கோக்கோ நல்லது என்று சொல்லிச் சாக்லேட்டை அள்ளித் தின்ன நமக்கு உரிமையில்லை. கோக்கோவின் நன்மையையும் சர்க்கரையின் தீமையையும் பிரித்து அறிவதே அறிவுடைமை.

தோட்டத்தில் ஒரு தொழிற்சாலை

ஜார்ஜ் கேட்பரி ஏறத்தாழ 20 வயதிலேயே ஞாயிறுதோறும் ஒரு முதியோர் பள்ளிக்குச் சென்று பாடம் நடத்தத் தொடங்கினார். எழுத்தறியாத ஏழைத் தொழிலாளர்கள் அங்கே அதிகாலையில் கூடி எழுதவும் படிக்கவும் மறைநூல் வாசிக்கவும் கற்றனர். இப்பணியை அவர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் செய்தார். பெரும் செல்வரான பின்னும் அதை விடவில்லை.

தம் மாணவர்களின் வீடுகளுக்கு அவர் செல்வதுண்டு. பர்மிங்காமின் சேரிகளில் வெளிச்சமும் காற்றும் புகாத அறைகள், ஒன்றின் முதுகோடு ஒன்று ஒட்டிய வீடுகள், புகை, அழுக்கு, தெருமூலையில் மதுக்கடை. ஒருவனுக்கு நல்லொழுக்கம் போதித்துவிட்டு அவனை மீண்டும் இந்த இருட்டுக்குள் அனுப்புவதில் என்ன பயன் என்று அவர் சிந்தித்தார். நல்ல வீடும் சிறிது நிலமும் கிடைத்தால் மனிதன் தானே நிமிர்வான் என்பது அவர் கண்ட முடிவு.

1878இல் சகோதரர்கள் பர்மிங்காமுக்குத் தெற்கே நான்கு மைல் தொலைவில் பதினாலரை ஏக்கர் வயல்வெளியை வாங்கினர். அதன் அருகே ஓடிய பூர்ன் என்னும் ஓடையின் பெயரால் அவ்விடத்திற்குப் பூர்ன்வில் என்று பெயரிட்டனர். 1879இல் தொழிற்சாலை அங்கே மாறியது. பூச்செடிகளும் விளையாட்டுத் திடல்களும் சூழ்ந்த அத்தொழிற்சாலையை அக்கால மக்கள் வியப்போடு பார்த்தனர். சனிக்கிழமை அரைநாள் விடுமுறை அங்கே வழக்கமாக இருந்தது. 1899இல் தொழிலாளர் தொகை 2,600ஐத் தாண்டியது. அவர்களுள் பெரும் பகுதியினர் பெண்கள்.

அப்பெண்களுக்குத் தனி விளையாட்டுத் திடலும், நீச்சல் குளமும் அமைந்தன. 1913 முதல் 18 வயதுக்கு உட்பட்ட தொழிலாளர்கள் வேலை நேரத்திலேயே பள்ளிக்குச் சென்று கல்வியைத் தொடர வேண்டும் என்ற ஏற்பாடும் வந்தது. பதினான்கு வயதில் பள்ளியை விட்ட ஒரு பெண் மீண்டும் புத்தகத்தைத் தொட முடிந்தது என்றால் அது சிறிய காரியமா? ஆயினும் ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். திருமணம் ஆனதும் பெண்கள் வேலையை விட்டு நின்றுவிட வேண்டும் என்பது அங்கே விதி. விவிலியம் ஒன்றும் மலர் ஒன்றும் தந்து வழியனுப்புவார்கள். வீட்டைக் காப்பதே மனைவியின் கடமை என்று கருதிய காலம் அது. வேலை செய்ய விரும்பிய எத்தனை பெண்கள் அந்த மலரைக் கண்ணீரோடு வாங்கியிருப்பார்களோ!

ஓர் ஊர் பிறந்தது

1893இல் ஜார்ஜ் தம் சொந்தப் பணத்தில் தொழிற்சாலைக்கு அருகே மேலும் 120 ஏக்கர் வாங்கினார். 1895 முதல் வீடுகள் எழுந்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் தோட்டம் உண்டு. குடிவருவோர் வருவதற்கு முன்பே மண்ணைக் கொத்திப் பழமரக் கன்றுகளையும் நட்டு வைத்தனர். கேட்பரியின் தொழிலாளருக்கு மட்டுமன்றி மற்றவர்க்கும் அங்கே இடம் கிடைத்தது. மதுக்கடைக்கு மட்டும் இடமில்லை.

1900இல் 330 ஏக்கர் நிலத்தையும் அதில் கட்டிய 313 வீடுகளையும் ஜார்ஜ் ஓர் அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார். அதன் வருவாய் அவர் குடும்பத்திற்குச் சேராது. மேலும் வீடுகள் கட்டவே பயன்படும். பூர்ன்வில் கிராம அறக்கட்டளை இன்றளவும் பணிபுரிந்து வருகிறது. இதற்கு முந்திய ஆண்டில் அண்ணன் ரிச்சர்டு எருசலேமில் தொண்டை அடைப்பான் நோயால் காலமானார். அதன்பின் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பு ஜார்ஜின் தோளில் விழுந்தது.

1901இல் அவர் டெய்லி நியூஸ் என்னும் நாளிதழின் பொறுப்பையும் ஏற்றார். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரை எதிர்ப்பதும், ஏழை முதியோருக்கு ஓய்வூதியம் கேட்பதும் அவ்விதழின் நோக்கங்களாயின. 1906இல் அவ்விதழ் இலண்டனில் ஒரு கண்காட்சி நடத்தியது. அற்பக் கூலிக்கு வீட்டில் இருந்தே தீப்பெட்டி ஒட்டியும் துணி தைத்தும் வாடிய பெண்களின் நிலையை அக்கண்காட்சி நாட்டுக்குக் காட்டியது. 1908இல் முதியோர் ஓய்வூதியச் சட்டமும் நிறைவேறியது.

சோதனை

இவ்வளவு நன்மை செய்த மனிதரின் வாசலில்தான் அந்தக் கேள்வி வந்து நின்றது.

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் சாவோ டோமே என்று ஒரு தீவு. அன்று அது போர்த்துக்கல் நாட்டின் ஆட்சியில் இருந்தது. கேட்பரி நிறுவனம் வாங்கிய கோக்கோவின் பெரும் பகுதி அங்கிருந்துதான் வந்தது. தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையைப் போர்த்துக்கல் சட்டத்தால் ஒழித்துவிட்டது. ஆனால் அங்கோலாவின் உட்பகுதியில் மக்களைப் பிடித்து, விலங்கிட்டுக் கடற்கரைக்கு நடத்தி வந்து, ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலிகள் என்று தாளில் எழுதித் தீவுக்குக் கப்பலேற்றினர். ஐந்தாண்டு முடிந்தாலும் அவர்கள் ஊர் திரும்பியதில்லை. பெயர்தான் ஒப்பந்தம், நடந்தது அடிமைத்தனம்.

1901இல் ரிச்சர்டின் மகன் வில்லியம் கேட்பரியிடம் அத்தீவின் தோட்டம் ஒன்றின் விற்பனைப் பட்டியல் வந்தது. நிலம், கட்டடம், மாடு ஆகியவற்றோடு 200 தொழிலாளர்களும் அதில் விலையிட்டுக் குறிக்கப்பட்டிருந்தனர். மனிதனுக்கு விலை என்றால் அவன் அடிமை அன்றி வேறு யார்?

அன்றே வாங்குவதை நிறுத்தியிருக்கலாம். அவர்கள் நிறுத்தவில்லை. முதலில் உறுதியான சான்று வேண்டும் என்றனர். 1903இல் வில்லியம் லிஸ்பன் சென்று போர்த்துக்கீசிய அரசினரையும் தோட்ட உரிமையாளரையும் கண்டார். 1905இல் ஜோசப் பர்ட் என்பவரைத் தீவுக்கும் அங்கோலாவுக்கும் அனுப்பினர். அவர் ஈராண்டுகள் அலைந்து திரும்பி, அங்கே நடப்பது அடிமைத்தனமே என்று அறிக்கை தந்தார். இதற்கிடையே ஹென்றி நெவின்சன் என்ற பத்திரிகையாளர் அங்கோலாவுக்குத் தனியே சென்று, 1906இல் அக்கொடுமையை நூலாகவே எழுதி வெளியிட்டுவிட்டார். பொறுத்திருக்குமாறு பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகமும் கேட்டுக்கொண்டது. தாங்கள் விலகிவிட்டால் வேறொருவர் வாங்குவார், போர்த்துக்கீசியரிடம் பேசும் செல்வாக்கும் போய்விடும் என்று கேட்பரி குடும்பத்தார் கருதினர். ஆண்டுகள் உருண்டன. கோக்கோ மூட்டைகளும் வந்துகொண்டே இருந்தன.

1908 செப்டம்பரில் ஸ்டாண்டர்டு என்னும் நாளிதழ் ஒரு தலையங்கம் எழுதியது. தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் சீனக் கூலிகள் படும் பாட்டுக்காக டெய்லி நியூஸ் கண்ணீர் வடித்ததே, அந்த இதழின் உரிமையாளர் அடிமைகள் பறித்த கோக்கோவை வாங்குகிறாரே என்பது அதன் குற்றச்சாட்டு. கேட்பரி நிறுவனத்தார் அவதூறு வழக்குத் தொடுத்தனர்.

1909 மார்ச்சில், வில்லியம் ஆப்பிரிக்கா சென்று நேரில் கண்டு திரும்பியதும், கேட்பரி, ஃபிரை, ரௌண்ட்ரீ ஆகிய மூன்று நிறுவனங்களும் சாவோ டோமே கோக்கோவை இனி வாங்குவதில்லை என்று அறிவித்தன. அவ்வாண்டு இறுதியில் பர்மிங்காமில் வழக்கு விசாரணை நடந்தது. அறிந்தும் எட்டாண்டுகள் வாங்கியது ஏன் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எட்வர்டு கார்சன் வில்லியத்தைத் துருவித் துருவிக் கேட்டார்.

ஜூரர்கள் கேட்பரியின் பக்கமே தீர்ப்பளித்தனர். ஆனால் நட்டஈடாக அவர்கள் குறித்த தொகை ஒரே ஒரு ஃபார்த்திங். ஒரு பவுனுக்கு 960 ஃபார்த்திங்; அன்றைய இங்கிலாந்தின் மிகச் சிறிய காசு அதுதான். சட்டத்தின்படி வென்றீர்கள், ஆனால் உங்கள் பெயருக்கு நேர்ந்த இழப்பு இவ்வளவே என்று அந்தக் காசு சொல்லாமல் சொல்லியது. ஜார்ஜுக்கு அப்போது வயது 70.

நாம் எவ்வாறு மதிப்பிடுவது?

மாணவியரே, இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஜார்ஜ் கேட்பரி போலி அறவோர் அல்லர். தம் செல்வத்தை ஏழைகளுக்காக வாரி வழங்கியவர். உண்மையைத் தேட ஆள் அனுப்பியதும், இறுதியில் வாங்குவதை நிறுத்தியதும் அவர் தலைமையில் இருந்த நிறுவனமே. வேறு பல நிறுவனங்கள் அதையும் செய்யவில்லை. ஆயினும், அவர் கண்முன் இருந்த தொழிலாளிக்குத் தோட்டம் கிடைத்தது. கடலுக்கு அப்பால் இருந்த தொழிலாளிக்கு அந்த எட்டு ஆண்டுகளில் விடுதலை கிடைக்கவில்லை. அருகில் இருப்பவரின் துன்பம் நெஞ்சைத் தொடும் அளவுக்குத் தொலைவில் இருப்பவரின் துன்பம் தொடுவதில்லை. இது கேட்பரியின் குறை மட்டுமா? நம் எல்லாருடைய குறையும் அல்லவா?

அதன்பின் கேட்பரி நிறுவனம் மேற்கு ஆப்பிரிக்காவின் தங்கக் கடற்கரையை, அதாவது இன்றைய கானா நாட்டை, நாடியது. அங்கே டெட்டே குவார்ஷி என்ற ஆப்பிரிக்கக் கொல்லர் 1879இல் கொண்டு வந்து பயிரிட்ட கோக்கோ பரவியிருந்தது. அடிமைகளின்றிச் சிறு உழவர்கள் தம் சொந்த நிலத்தில் விளைவித்த கோக்கோ அது. 1911 அளவில் அந்நாடு உலகிலேயே மிகுதியாகக் கோக்கோ விளைவிக்கும் நாடாகிவிட்டது.

இறுதிக் காலம்

ஜார்ஜின் முதல் மனைவி மேரி 1887இல் காலமானார். மறு ஆண்டு அவர் எலிசபெத் டெய்லரை மணந்தார். இரு மனைவியர்க்கும் பிறந்த மக்கள் பதினொருவர். எலிசபெத் அம்மையாரும் பெரும் தொண்டர். பள்ளிக் குழந்தைகளின் உடல்நலனுக்காகவும் மகளிர் முன்னேற்றத்திற்காகவும் உழைத்தார். 1936இல், முதிய வயதில், கல்கத்தாவில் நடந்த பன்னாட்டு மகளிர் மன்ற மாநாட்டிற்குப் பிரிட்டிஷ் குழுவின் தலைவியாக நம் நாட்டுக்கும் வந்து சென்றார்.

ஜார்ஜ் தம் பழைய இல்லமான வுட்புரூக் மாளிகையை 1903இல் கல்வி நிலையமாக்கக் கொடுத்துவிட்டார். 1931இல் வட்டமேசை மாநாட்டிற்காக இங்கிலாந்து சென்ற காந்தியடிகள், பர்மிங்காமுக்கு வந்தபோது தங்கியது அந்த வுட்புரூக்கில்தான். இமயமலைச் சாரலுக்கு வர எண்ணியவரின் வீட்டுக்கு, இந்தியாவின் தலைவரே விருந்தினராகச் சென்றார். அதைக் காண ஜார்ஜ் இல்லை. 1922ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள், 83ஆம் வயதில் அவர் உயிர் நீத்தார். அவருக்கு அஞ்சலி செலுத்தப் பூர்ன்வில்லின் பசும்புல் திடலில் மக்கள் ஆயிரக்கணக்கில் கூடினர்.

அவர் குடும்பத்தார் வளர்த்த நிறுவனம் 2010இல் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறிவிட்டது. ஆனால் அவரைச் சோதித்த கேள்வி இன்னும் மாறவில்லை. 2020இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையம் வெளியிட்ட அறிக்கையின்படி, கானாவிலும் ஐவரி கோஸ்டிலும் கோக்கோ விளையும் பகுதிகளில் ஏறத்தாழ 15 இலட்சத்து 60 ஆயிரம் குழந்தைகள் கோக்கோத் தொழிலில் குழந்தைத் தொழிலாளராக உழைத்து வந்தனர். கூரிய வெட்டுக்கத்தியால் காயைப் பிளப்பவரும், பூச்சிமருந்தின் நடுவே நிற்பவரும், தாங்க முடியாத சுமையைத் தூக்குபவரும் அவர்களுள் உண்டு. அவர்களுள் பலர் நம் பள்ளியில் ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் படிக்கும் சிறுமியரின் வயதினர்.

ஆகவே, பெற்றோரே, மாணவியரே, நாம் சாக்லேட் உண்ண வேண்டாம் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. அளவோடு உண்போம், பகிர்ந்து உண்போம். ஆனால் அடுத்த பிறந்த நாளுக்கு உறையைப் பிரிக்கும்போது, கசக்கி எறிவதற்கு முன் ஒரு நொடி அதைப் பார்ப்போம். இதில் கலந்திருப்பது என்ன என்று கேட்கும் நாம், இதை விளைவித்தவர் யார், அவருக்கு உரிய கூலி கிடைத்ததா என்றும் கேட்கப் பழகுவோம். வளர்ந்து அலுவலராகவும் வணிகராகவும் இல்லத்தரசியாகவும் ஆகும்போது, விடை தெரிந்த பின் எட்டாண்டுகள் காத்திராமல் அன்றே செயல்படும் நெஞ்சுரம் நமக்கு வேண்டும். தூய கோக்கோவைத் தந்த ஜார்ஜ் கேட்பரியின் வாழ்க்கை, அவர் பெற்ற அந்த ஒரு ஃபார்த்திங் காசோடு சேர்ந்து, நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.